மிரர் ரீப்பர்: 83 நிமிடம், ஒரே பாட்டு. நம்மை உலுக்குவது அதன் கதையா, இசையா?

#1 தாழ்சுருதி

பெல் விட்ச் குழுவின் 'மிரர் ரீப்பர்' ஆல்பம் பற்றி இங்கே தனி இழை இல்லை. வேறு இழைகளில் அங்கங்கே நாலு வரி இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

கேட்டிராதவர்களுக்காக முதலில் கொஞ்சம் விவரம். சியாட்டிலைச் சேர்ந்த இருவர் குழு. 2010-இல் டிலன் டெஸ்மண்டும் ஏட்ரியன் குவெராவும் தொடங்கினார்கள். டெஸ்மண்ட் பேஸ், குவெரா டிரம்ஸ், பாடுவது இருவரும். கிட்டாரே கிடையாது. 'லாங்கிங்' (2012), 'ஃபோர் ஃபேன்டம்ஸ்' (2015) என்ற இரண்டு ஆல்பங்களுக்குப் பிறகு குவெரா விலகினார், டிரம்ஸுக்கு ஜெஸ்ஸி ஷ்ரைப்மேன் வந்தார். புதிய ஆல்பத்துக்கு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், 2016 மே மாதம், குவெரா இறந்துபோனார். 2017 அக்டோபர் 20 அன்று ப்ரொஃபவுண்ட் லோர் நிறுவனம் வெளியிட்ட 'மிரர் ரீப்பர்' அந்த மரணத்தைத் தன் நடுவில் சுமந்துகொண்டு வந்தது.

நடுவில் என்று நான் சொல்வது நிஜமாகவே நடுவில். 'ஃபோர் ஃபேன்டம்ஸ்' பதிவின்போது குவெரா பாடி, அந்த ஆல்பத்தில் பயன்படுத்தாமல் விட்ட குரல் துண்டுகளை எடுத்து இந்தப் பாட்டின் மையத்தில் வைத்திருக்கிறார்கள். இறந்தவரின் குரல். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது, ஒரு கட்டத்தில் அவர் பாட ஆரம்பிக்கிறார்.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அதனால்தான் இது மனதைப் பிழிகிறது என்று முடித்துவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கதை எதுவும் தெரியாத ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னாலும் இது வேலை செய்யும். ஏனென்றால் இழப்பு என்பது நேரத்தை என்ன செய்கிறதோ அதை இந்தப் பாட்டும் செய்கிறது.

முதல் பத்து நிமிடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுரம் வருகிறது. அது தேய்ந்து, கிட்டத்தட்ட இல்லாமல் போகும்வரை அடுத்தது வருவதில்லை. சாதாரண மெட்டலில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத் துண்டு) நம்மைத் தாக்கினால், அதை உணர்ந்து முடிப்பதற்குள் அடுத்த ரிஃப் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே யாரும் இழுப்பதில்லை. நீங்கள் அந்தத் தேய்மானத்தோடு தனியாக விடப்படுகிறீர்கள். வீட்டில் ஒருவர் போன பிறகு வரும் பிற்பகல்கள் இப்படித்தான் இருக்கும். மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே எதுவுமே நடக்காது, ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தைக் கடந்தாக வேண்டும்.

இதை வரிகளால் சொல்ல முடியாது, நீளத்தால்தான் சொல்ல முடியும். அதனால் இந்த 83 நிமிடத்தை நான் ஆடம்பரமாகப் பார்க்கவில்லை. உங்களுக்கு எப்படி இருந்தது? கதை தெரிந்து கேட்டீர்களா, தெரியாமலா?

#2 நேர்கோடு

நான் மாற்றுக் கட்சி. நல்ல ஆல்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதற்குக் கிடைத்த மரியாதையில் பெரும்பங்கு கதைக்குத்தான் சேரும்.

//கதை எதுவும் தெரியாத ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னாலும்//

அப்படிப்பட்ட ஒருவர் இருபதாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்றால், ஒரு மனிதன் செத்துப்போனான், அவன் நண்பன் அழுகிறான் என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான். எழுந்து போவது மரியாதையில்லை என்று தோன்றுகிறது. அந்த உணர்வு உண்மையானது, ஆனால் அது இசை உண்டாக்கிய உணர்வு இல்லை.

எனக்கு இவர்களுடைய உச்சம் 'ஃபோர் ஃபேன்டம்ஸ்'. மண், நெருப்பு, நீர், காற்று என்று நான்கு விதமான சாவு, ஒவ்வொரு பாட்டிலும் ஒரு ஆவி தன் சாவையே மறுபடி மறுபடி அனுபவிக்கிறது. அதுவும் நீளமான ஆல்பம்தான், அறுபது நிமிடத்துக்கு மேல். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு முகம் இருக்கிறது, எங்கே இருக்கிறோம் என்று தெரிகிறது. 'மிரர் ரீப்பர்' இரண்டாம் பாதியில் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாத இருபது நிமிடங்கள் உண்டு. அதை வெட்டியிருந்தால் குவெராவின் குரல் வரும் இடம் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

நீளமே கனம் ஆகிவிடாது. ஸ்லீப் குழுவின் 'டோப்ஸ்மோக்கர்' ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரே பாட்டு. அதில் அடுத்த அடி எங்கே விழும் என்று உடம்புக்குத் தெரியும், நாமும் கூடவே நடந்துபோகலாம். இங்கே அந்தப் பிடிமானம் இல்லை.

#3 ஆறுதந்தி

நேர்கோடு சொன்ன 'டோப்ஸ்மோக்கர்' ஒப்பீடு நல்லது. இரண்டுக்கும் தயாரிப்பாளர் பில்லி ஆண்டர்சன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீளமான பாட்டு, தடிமனான ஒலி இரண்டையும் எப்படிப் பதிவு செய்வது என்று அந்த மனிதருக்குத் தெரியும். ஆனால் இரண்டு குழுக்களும் அவரிடம் எதிரெதிரான விஷயங்களைக் கேட்டிருக்கிறார்கள். ஸ்லீப் கேட்டது நிரப்பிய ஒலி, இடைவெளியே கூடாது. பெல் விட்ச் கேட்டது காலி இடம்.

நான் பேஸ் வாசிப்பவன், அதனால் கொஞ்சம் கருவி பக்கமிருந்து பேசுகிறேன். டெஸ்மண்ட் வைத்திருப்பது ஆறு தந்தி பேஸ். சாதாரண சுருதியில் ஆறு தந்தி பேஸின் கீழ்த்தந்தி நொடிக்குச் சுமார் 31 அதிர்வு, மனிதக் காது கேட்கக்கூடிய எல்லையின் ஓரம். அந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களைச் சேர்த்து அழுத்தினால், அதிலும் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டு அழுத்தினால், இரண்டும் மோதிச் சேறு மாதிரி ஆகிவிடும். ராகமே கேட்காது. அதனால்தான் பெரும்பாலான குழுக்களில் பேஸ் கீழே உட்கார்ந்துகொள்ள, கிட்டார் மேலே பாடுகிறது.

இவர் அந்த இரண்டு வேலையையும் ஒரே கருவியில் செய்கிறார். கீழே ஒரு சுரத்தை ஒலிக்க விட்டுவிட்டு, இரண்டு கைவிரல்களாலும் மேல் தந்திகளைத் தட்டி மெட்டை வாசிக்கிறார். இதனால் ஒரு விளைவு உண்டு. கீழ்ச்சுரம் தேயத் தேய, மேலே உள்ள மெட்டுக்கு அடித்தளம் கரைந்துகொண்டே போகிறது. கிட்டார் ஒன்று இருந்திருந்தால் அந்த ஓட்டையை அடைத்திருப்பார்கள். இங்கே அடைக்க ஆளில்லை. தாழ்சுருதி சொன்ன 'தனியாக விடப்படுவது' இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். இரண்டே பேர் என்பது வெறும் எண்ணிக்கை விவரம் இல்லை, பாட்டின் உள்ளே கேட்கிற ஒன்று.

டிரம்ஸையும் கவனியுங்கள். மெதுவாக வாசிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயற்சி செய்து பார்க்கலாம். இரண்டு அடிக்கு நடுவே அவ்வளவு நேரம் இருந்தால் கை தானாக அவசரப்படும். ஷ்ரைப்மேன் அவசரப்படுவதில்லை. சிம்பலை அடித்துவிட்டு அது ஓயும்வரை விடுகிறார். டிரம்ஸோடு ஆர்கனும் அவர்தான். அந்த ஆர்கன் எப்போது உள்ளே வந்தது என்று பல இடங்களில் நமக்குத் தெரியாது, போன பிறகுதான் இருந்தது தெரியும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து இதை மொபைல் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் இந்தக் கீழ்ச்சுரங்களை எழுப்பவே முடியாது. மேலே உள்ள துணைச்சுரங்களை வைத்து உங்கள் காது ஊகித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சுரம் என்ன என்று தெரியும், கனம் தெரியாது. இந்த ஆல்பத்தில் பாதி விஷயம் அந்தக் கனம்தான். நல்ல ஹெட்போன், அல்லது பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்றால் பெரிய ஸ்பீக்கர்.

#4 புதுக்காது

இந்த வகை இசைக்கு நான் புதியவன். ஐயன் மெய்டன், மெட்டாலிகா வரைக்கும்தான் போயிருக்கிறேன். இழையைப் படித்து ஆவலாகி முதல் பதினைந்து நிமிடம் கேட்டேன். அந்த க்ரௌல் (தொண்டையிலிருந்து உறுமுவது போலப் பாடுவது) வந்ததும் எனக்குத் துக்கமாகத் தோன்றவில்லை, கோபமாகத்தான் தோன்றியது. யாரோ நம்மைத் திட்டுவது போல. அதில் எப்படி நீங்கள் எல்லோரும் துயரத்தைக் கேட்கிறீர்கள்? கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

#5 ரீஹிமாக்கி

நல்ல கேள்வி புதுக்காது. இந்தக் கேள்வியைத் தாண்டி வராமல் யாரும் ஃபியூனரல் டூம் என்கிற இந்த மிக மெதுவான, துக்கம் தோய்ந்த மெட்டல் வகையின் பக்கம் வந்துவிட முடியாது.

டெத் மெட்டலில் க்ரௌல் வேகமாக வரும், ஒரு நொடிக்குள் பல அசைகள். அதில் கோபம் கேட்பது இயல்பு. இங்கே ஒரே அசை ஒரு முழு மூச்சு நீளத்துக்கு இழுபடுகிறது. கோபத்துக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. தாழ்ந்த க்ரௌல் பெரும்பாலும் குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலி நாண்கள் அதிர்வதால் வருவது. அதில் திட்டமான சுருதி இருக்காது, ஆண் குரல், பெண் குரல், இந்த வயது, இந்த ஊர் என்று எதுவும் பிடிபடாது. ஒரு ஆளின் அடையாளத்தை எல்லாம் உரித்துவிட்டு மூச்சை மட்டும் வைத்தது போல. சொல்லும் முழுதாகப் புரியாது. சொல் புரியாததால் நம் சொந்தச் சொல்லை வைத்துக்கொள்ள அங்கே இடம் கிடைக்கிறது.

'மிரர் ரீப்பர்' இந்த விஷயத்தில் கூடுதல் தாராளம், இரண்டு வகைக் குரலும் வைத்திருக்கிறது. ஏரியல் ருயின் என்ற பெயரில் தனியாகப் பாடும் எரிக் மொக்ரிட்ஜ் இவர்களுக்குப் பழைய தோழர். அவருடைய தெளிவான குரல் இரண்டாம் பாதியில் வரும்போது, அதுவரை கேட்ட க்ரௌல் எதைச் சொல்ல முயன்றது என்பது பின்னோக்கிப் புரியும். நேர்கோடு வெட்டச் சொல்கிற இருபது நிமிடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். வெட்டினால் பாட்டில் மிச்சம் இருப்பது இடி மட்டும்.

கோபம் பற்றி ஒரு ஆய்வும் உண்டு. 2015-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், தீவிர இசை கேட்கும் 39 பேரை முதலில் கோபப்படுத்திவிட்டு, பிறகு சிலரைத் தங்கள் சொந்த இசையைக் கேட்கவிட்டார்கள், சிலரைச் சும்மா உட்காரவைத்தார்கள். இசை கேட்டவர்களுக்குக் கோபம் கூடவில்லை, உற்சாகமாக, ஊக்கமாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அது கோபம் பற்றிய சின்ன ஆய்வு. துக்கத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் பயனர் பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், எனக்கு ஃபின்லாந்துதான் தாய்வீடு. அங்கே தெர்கோத்தான் குழு தன் ஒரே முழு ஆல்பமான 'ஸ்ட்ரீம் ஃப்ரம் தி ஹெவன்ஸ்' வெளியிட்டது 1994-இல். அடுத்த வருடம் ரீஹிமாக்கி ஊரிலிருந்து ஸ்கெப்டிசிசம் குழுவின் 'ஸ்டார்ம்குரோஃப்ளீட்'. இந்த இரண்டும் இல்லாமல் பெல் விட்ச் இல்லை. ஸ்கெப்டிசிசத்தில் கிட்டார், ஆர்கன், டிரம்ஸ் உண்டு, பேஸ் கிடையாது. பெல் விட்ச்சில் பேஸ், டிரம்ஸ், ஆர்கன் உண்டு, கிட்டார் கிடையாது. இரண்டு பேருமே ஏதோ ஒன்றை எடுத்துவிட்டு அந்த வெற்றிடத்தை வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஸ்கெப்டிசிசம் தனி ஒருவரின் சாவைப் பாடுவதில்லை. அங்கே ஒரு சடங்கின் விலகல் இருக்கிறது, மேடையில்கூட அவர்கள் விழா உடுப்பில் வந்து நிற்பார்கள். எனக்கு அந்த விலகல்தான் நெருக்கம். 'மிரர் ரீப்பர்' ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது, எப்போதும் கேட்க முடிவதில்லை.

#6 மழைமாதம்

இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இந்த இழைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தம்பி இறந்த வருடம் யார் யாரோ எனக்குப் பாட்டு அனுப்பினார்கள். எல்லாம் ஆறுதல் பாட்டு. ஒவ்வொன்றும் நாலு நிமிடத்தில் என்னைத் தேற்றி முடித்துவிட நினைத்தது. நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள், ஆனால் ஒவ்வொரு பாட்டும் முடியும்போது நான் தேறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது போல இருந்தது. 'மிரர் ரீப்பர்' எதையும் எதிர்பார்க்கவில்லை. அது என்னைத் தேற்றவில்லை, குணப்படுத்தவும் இல்லை. இசை மனதை ஆற்றும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 83 நிமிடம் யாரும் வந்து சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்காமல் இருக்க அது இடம் தந்தது. அவ்வளவுதான், அது எனக்கு நிறைய.

நேர்கோடு, நீங்கள் சொன்ன 'எங்கே இருக்கிறேன் என்றே தெரியாத' பகுதி எனக்கும் உண்டு. ஆனால் அதைக் குறையாக எடுக்க என்னால் முடியவில்லை. அந்த நாட்களில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கும் தெரியாது.

குவெராவின் குரல் பற்றி ஒன்று. அதை அவர்கள் பாட்டின் கடைசியில் வைக்கவில்லை. கடைசியில் வைத்திருந்தால் அஞ்சலி ஆகியிருக்கும், கைதட்டிவிட்டு எழுந்து போகலாம். நடுவில் வைத்ததால், அவர் பாடி முடித்த பிறகும் பாட்டு தொடர்ந்தாக வேண்டும். மீதி இருக்கும் அத்தனை நேரமும் அவர் இல்லாமல்தான். இருந்தவர்கள் அதை வாசித்து முடிக்க வேண்டும், நாம் கேட்டு முடிக்க வேண்டும். தாழ்சுருதி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். கதை தெரிந்தால் அந்தக் குரல் யாருடையது என்று தெரியும். அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது இசை.

#7 நேர்கோடு

அக்கா, உங்கள் இழப்புக்கு என் வருத்தங்கள். நீங்கள் எழுதியதோடு வாதம் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை.

குரல் நடுவில் வைக்கப்பட்டதைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் யோசித்ததில்லை. அடுத்த முறை கேட்கும்போது அதை மனதில் வைத்துக் கேட்கிறேன். ஆனாலும் என் அடிப்படைச் சந்தேகம் அப்படியே இருக்கிறது. அந்தக் குரல் இறந்தவருடையது என்று ஆல்பம் தானாகச் சொல்வதில்லை. அது பழைய பதிவு என்பதும் இசையில் கேட்காது. வெளியே பேட்டிகளில், விமர்சனங்களில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அப்படியென்றால் அந்த இடத்தில் நம்மை உலுக்குவதில் வெளியே இருக்கும் தகவலுக்குப் பங்கு இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் ஆல்பத்தின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் கதை தேவையே இல்லை என்று #1-இல் சொன்னது அதிகம்.

அட்டை ஓவியத்துக்கும் இது பொருந்தும். போலந்து ஓவியர் மரியூஸ் லெவாண்டோவ்ஸ்கி வரைந்தது. அந்தப் பிரம்மாண்ட முக்காட்டு உருவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது ஒரு அனுபவம், வெறும் கோப்பாகக் கேட்பது வேறு அனுபவம். அவரும் 2022-இல் மறைந்துவிட்டார். இப்போது அந்த அட்டையைப் பார்க்கும்போது அதையும் நினைக்கிறோம்.

#8 தாழ்சுருதி

//வெளியே இருக்கும் தகவலுக்குப் பங்கு இருக்கிறதா, இல்லையா?//

அந்த ஒரு இடத்தில் இருக்கிறது. மிச்ச நேரத்துக்கு இல்லை என்பதுதான் என் கட்சி. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழியும் இருக்கிறது.

2023 ஏப்ரலில் பெல் விட்ச் 'தி கிளாண்டெஸ்டைன் கேட்' வெளியிட்டார்கள். அதே இருவர், அதே 83 நிமிடம், அதே போல ஒரே பாட்டு. 'ஃபியூச்சர்ஸ் ஷேடோ' என்று பெயரிட்ட முத்தொகுப்பின் முதல் பாகம். இதற்குப் பின்னால் குவெராவின் சாவு போல ஒரு கதை கிடையாது. நேர்கோடு சொல்வது சரி என்றால் அந்த ஆல்பம் நம்மை அசைக்கக் கூடாது. என்னை அசைத்தது. அழவைக்கவில்லை, உண்மைதான். ஆனால் முடிந்த பிறகு எழுந்து விளக்கைப் போட மனம் வரவில்லை. நேரத்தைப் பற்றி நான் முதலில் சொன்ன விஷயம் அங்கேயும் முழுசாக நடந்தது.

இன்னொன்று. 'மிரர் ரீப்பர்' எழுதத் தொடங்கியபோது குவெரா உயிரோடு இருந்தார். மெதுவான நடை, கிட்டார் இல்லாத வெற்றிடம், இதெல்லாம் முதல் ஆல்பத்திலிருந்தே இருப்பவை, அவரும் சேர்ந்து உருவாக்கியவை. மரணம் வந்து இந்த இசையை உண்டாக்கவில்லை. மரணம் வந்தபோது அதை வைக்க இடம் இருக்கிற இசை ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது. அந்த இடத்தைக் கட்டியவர்களில் குவெராவும் ஒருவர். எனக்கு இதை நினைக்கும்போதுதான் தொண்டை அடைக்கிறது.

#9 நேர்கோடு

'கிளாண்டெஸ்டைன் கேட்' என்னை அசைக்கவில்லை. வியந்தேன், ரசித்தேன், அதோடு சரி. ஆக உங்கள் சோதனையின் முடிவு ஆளுக்கு ஒன்றாக வந்திருக்கிறது.

ஆனால் கடைசிப் பத்தியில் சொன்னது வலுவான வாதம். 'லாங்கிங்' ஆல்பத்தை இந்த வாரம் மறுபடி கேட்கப் போகிறேன், குவெராவின் டிரம்ஸுக்காக.

#10 ஆறுதந்தி

இரண்டு ஆல்பத்துக்கும் எழுத்திலேயே வித்தியாசம் இருக்கிறது சகோ. 'கிளாண்டெஸ்டைன் கேட்' ஆர்கனோடு தொடங்குகிறது. ஆர்கன் சுரம் விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை தேயாது, அப்படியே நிற்கும். பேஸ் சுரம் தேய்ந்தே தீரும். அதனால் 'கிளாண்டெஸ்டைன் கேட்'-இல் நிலைத்து நிற்கும் உணர்வும், 'மிரர் ரீப்பர்'-இல் கைவிட்டுப் போகும் உணர்வும் வருகிறது. நீங்கள் ஒன்றில் வியந்ததும் மற்றதில் உலுக்கப்பட்டதும் கதையால் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அடுத்த முறை அந்தத் தொடக்கத்தை மட்டுமாவது அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

#11 புதுக்காது

ரீஹிமாக்கி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ஹெட்போனில் முதல் பாதி முழுதும் கேட்டேன். க்ரௌல் இந்த முறை திட்டுவது போல இல்லை. ஆனால் என்னைப் பிடித்தது குரல் இல்லாத இடங்கள்தான், பேஸ் மட்டும் தனியாக வரும் இடங்கள். இதை இரண்டு இரவாகப் பிரித்துக் கேட்கலாமா, அல்லது ஒரே மூச்சில்தான் கேட்க வேண்டுமா?

#12 மழைமாதம்

தாராளமாகப் பிரித்துக் கேளுங்கள். ஒரு சிடியில் அடங்காத நீளம் இது, 'அஸ் அபவ்', 'ஸோ பிலோ' என்று அவர்களே இரண்டாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியை மட்டும் நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். மொக்ரிட்ஜ் பாடும் பகுதியில் பொறுமை போனால், இரவு கொஞ்சம் தாமதமாக, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு வைத்துப் பாருங்கள். கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள், நேர்கோடு வெட்டச் சொன்ன அந்த இருபது நிமிடம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று அறிய எனக்கு ஆசை.